ஆடு கடிக்காத மரத்தைப் பார்க்கப் போனேன்

எங்கள் குமராட்சிப் பக்கத்தில் ஒருவன் வெளிநாடு போய் வந்தேன் என்றால், துபாயா சிங்கப்பூரா என்று கேட்பார்கள். நான் போனது கடலூருக்கு மேற்கே இருக்கிற செம்மண் காட்டுக்கு. என்னைக் கேட்டால் அதுவும் வெளிநாடுதான். கொள்ளிடத்துக் களிமண்ணில் பிறந்தவனுக்குத் தண்ணீரைப் பற்றி ஒரே கவலை: அது எப்போது வீட்டுக்குள் வரும்? செம்மண்காரர்களுக்கோ அது எத்தனை அடிக்குக் கீழே ஓடி ஒளிந்திருக்கிறது என்று கவலை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கடல் இல்லை, அவ்வளவுதான் குறை.

நான் மாவு மில் வைத்திருக்கிறேன். படிப்பு எட்டோடு நின்றது. மிச்சத்தை மில்லில் தூக்கோடு வரிசையில் நிற்கும் பெண்கள் சொல்லிக்கொடுத்தார்கள். மிளகாய் அரைபடும்போது தும்மிக்கொண்டே அவர்கள் உதிர்க்கிற பேச்சுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் ஈடில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பயணத்துக்குக் காரணம் என் அக்கா தனம். செம்மண் ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள். ஆடி பிறந்த வாரம் போன் செய்தாள்.

"டேய், உங்க மாமா முந்திரிய மொத்தமா புடுங்கிட்டுத் தைலமரம் வெக்கப் போறாராம். ஜேசிபி சொல்லிட்டாரு. அதுக்கு முன்ன எங்கியோ தைலமர ஆராய்ச்சித் தோட்டம் இருக்குதாம், அதப் பாக்கப் போறாரு. நீயும் கூடப் போ. நீ பாத்துட்டு வேணாம்னு சொன்னா கேப்பாரு."

"கேப்பாராக்கா?"

"கேக்கணும்டா. கட்டையெல்லாம் துளுத்துகிட்டு வருது."

இதை விளக்க வேண்டும். முந்திய மார்கழி நடுவில் 'தானே' என்ற புயல் அடித்தது. செம்மண் காட்டு முந்திரியும் பலாவும் ஒரே ராத்திரியில் வேரோடு சாய்ந்தன. அக்கா வீட்டுக் கொல்லையிலும் அப்படித்தான். சாய்ந்ததை அறுத்து விறகாக்கிவிட்டார்கள். மண்ணைப் பிடித்துக்கொண்டு தப்பித்த அடிக்கட்டைகள் மட்டும் முழங்கால் உயரத்துக்கு நின்றன. பங்குனி, சித்திரை வெயிலில் அந்தக் கட்டைகளுக்கு அக்கா குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றியிருக்கிறாள். இப்போது துளிர் வந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்துத்தான் மாமா ஜேசிபிக்குச் சொல்லியிருக்கிறார்.

மில்லைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

குமராட்சியிலிருந்து சிதம்பரத்துக்கு மினிபஸ். மினிபஸ் என்பது பாட்டுப் பெட்டிக்குச் சக்கரம் வைத்த வண்டி. பக்கத்து சீட்டுக்காரர் என்னிடம் ஏதோ துக்கச் செய்தி சொன்னார். குத்துப்பாட்டு இரைச்சலில் நான் சிரித்துத் தலையாட்டினேன். அவர் சிதம்பரம் வரைக்கும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கத்திரிக்காய்க் கொத்சு சாப்பிடாமல் சிதம்பரத்தைத் தாண்டுகிறவன் நடராசரைப் பார்க்காமல் போகிறவனைவிடப் பெரிய பாவி என்று என் மில்லுக்கு வரும் தெய்வானை சொல்லுவாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஓர் ஓட்டலில் உட்கார்ந்தேன். இட்லி வந்தது, கொத்சும் வந்தது. கத்திரிக்காய்தான் வரவில்லை. சர்வரைக் கூப்பிட்டு, "கத்திரிக்கா எங்கப்பா?" என்றேன். "கரைஞ்சிருக்கும் சார்" என்றார். உப்பு கரையும், சர்க்கரை கரையும், கத்திரிக்காய் கரைந்ததை அன்றுதான் கண்டேன்.

கடலூர் பஸ் ஆலப்பாக்கத்துக்கு முன்னால் மூச்சு வாங்கி நின்றது. டிரைவர் மூடியைத் திறந்தார், புகை வந்தது. கண்டக்டர் உள்ளே ஏறி, "ரேடியேட்டர்ல தண்ணி இல்லீங்க, பாட்டில் இருக்கிறவங்க குடுங்க" என்றார். ஆளாளுக்குக் கொடுத்தோம். மீன் கூடைக்காரம்மா ஒருத்தி தன் பாட்டிலைக் கடைசியாக நீட்டினாள்.

"மனுசன் குடிக்க எடுத்தாந்தத வண்டி குடிக்குது. இன்னும் கொஞ்ச நாள் போனா ரோடும் குடிக்கும் பாரு."

"எம்மா, வண்டி ஓடணுமா வேணாமா?" என்றார் கண்டக்டர்.

"ஓடுற வண்டிக்குக் குடுக்கலாம். நிக்கிற வண்டிக்கும் நாங்களேவா குடுக்கணும்?"

பஸ்ஸே சிரித்தது. டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி மேற்கே போகிற டவுன் பஸ் பிடித்தேன். ஊர் தாண்டியதும் மண் சிவந்தது. மாதக்கணக்காகியும் பலாமரங்கள் சில விழுந்த இடத்திலேயே கிடந்தன. அவற்றுக்கு நடுவே, சாலையின் இரண்டு பக்கமும் ஒல்லியாக, உயரமாக, பரேடு நிற்கிற போலீஸ் மாதிரி தைலமரங்கள். முந்திரி மரம் அப்படியா? தரையில் கை ஊன்றி, படுத்து, புரண்டு, சொந்த வீட்டில் இருப்பதுபோல் இருக்கும். இது பட்டாளத்தான் மாதிரி விறைத்து நிற்கிறது. புயலில் முந்திரி ஏன் விழுந்தது, இது ஏன் விழவில்லை என்று யாரையும் கேட்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் தூங்கிவிட்டார்.

அக்கா வீட்டில் அன்று முந்திரிப்பருப்புக் குழம்பு. புயலுக்குத் தப்பிய பக்கத்துக் கொல்லையில் வாங்கிக் காயவைத்திருந்த பருப்பாம். கைகழுவியதும் அக்கா என்னைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு கட்டையாகக் காட்டினாள். சிவப்பும் பச்சையுமாகக் கொத்துக் கொத்தான துளிர். "இது மாமியார் வெச்சது. இது நான் வந்த வருசம் வெச்சது. இதோ, இது செத்தே போச்சுன்னு சொன்னாங்க, பாரு எப்புடி எட்டிப் பாக்குதுன்னு." பிள்ளைகளுக்குச் சொல்லுவதுபோல் சொன்னாள்.

மாமா வேலாயுதம் பின்னாலேயே வந்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் ஒரு முடிவு எடுத்துவிட்டால்தான் ஆபத்து.

"மச்சான், இது எப்ப மரமாவறது, எப்பக் காய்க்கிறது? தைலம்னா வெச்சா போதும், வெட்டினா போதும். காவலு வேணாம். ஆடு கூட கடிக்காது."

"ஆடே கடிக்காதத நாம எதுக்கு மாமா வெக்கணும்?"

"இதான். இந்த நக்கல்தான் ஒங்க ஊரு வெள்ளத்துல போகாம நிக்குது" என்றார் மாமா.

மறுநாள் காலை மாமாவின் டிவிஎஸ்ஸில் இரண்டு பேரும் கிளம்பினோம். ஆடிக் காற்று எதிரே அடித்தது. மேட்டில் ஏறும்போது வண்டியைவிட நான் வேகமாக நடப்பேன் என்று தோன்றியது. சொன்னேன். "எறங்கி நட" என்றார் மாமா. நடந்தேன். நிஜமாகவே நான்தான் முதலில் மேலே சேர்ந்தேன்.

தோட்டத்து வாசலில் பெரிய பலகை. மரங்களைத் தொடாதீர்கள், இலைகளைப் பறிக்காதீர்கள், சத்தம் போடாதீர்கள். ஆஸ்பத்திரியா தோட்டமா என்று சந்தேகம் வந்தது. ஆஸ்பத்திரியிலாவது நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்கு வாசலில் ஆரஞ்சு விற்பார்கள்.

எங்களைச் சுற்றிக் காட்ட ஓர் ஆராய்ச்சி அலுவலர் வந்தார். தென்காசிப் பக்கம், இளவயது, கண்ணாடி. மரியாதையான பிள்ளை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தைலமரத்தில் நூற்றுக்கணக்கான சாதி உண்டு என்றும், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை என்றும், எந்தச் சாதி எந்த மண்ணில் நிமிரும் என்று பார்க்கத்தான் வரிசை வரிசையாக வைத்திருப்பதாகவும் சொன்னார். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தகரப் பலகை. ஒவ்வொரு பலகையிலும் வாயில் நுழையாத ஒரு பெயர். எங்கள் ஊரில் நெல்லுக்குச் சீரகச் சம்பா என்று பெயர் வைத்தவர்கள் இருக்கிறார்கள்; சொல்லும்போதே வாயில் சோறு மணக்கும். இங்கே இரண்டு பெயர் படித்ததற்கே எனக்கு நாக்கு சுளுக்கியது.

எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. இவ்வளவு தைலமரத்துக்கு நடுவே நிற்கிறோமே, நாலு சொட்டு தைலம் கிடைக்காதா என்று கேட்டேன்.

"இதுல தைலம் ரொம்பக் கம்மி சார். தைலத்துக்கு மலையில வைக்கிற சாதி வேற. இது பேப்பர் மில்லுக்குப் போற மரம்."

"அப்ப எனக்குத் தலைவலின்னா பேப்பரத்தான் அரைச்சுப் பூசணுமா?"

மாமா என் முழங்கையில் இடித்தார்.

உள்ளே போகப் போக ஒரு விஷயம் உறுத்தியது. சத்தம் போடாதீர்கள் என்று எங்களுக்குப் பலகை வைத்தது சரி; காக்கைக்கும் குருவிக்கும் யார் வைத்தது? ஒரு கீச்சுக் குரல் இல்லை. காற்று மட்டும் மேலே சலசலத்தது. கீழே சருகு. எறும்புகூட அவசரமாகக் கடந்துபோகிற மாதிரி இருந்தது. சருகை யாராவது வாரி எருவாகப் போடுவார்களா என்றேன். அடுப்பெரிக்கச் சில பேர் கூட்டி அள்ளிப் போவார்கள் என்றார் அலுவலர்.

தாகம் எடுத்தது. தண்ணீர் கேட்டேன். காவலர் அறையிலிருந்து பிளாஸ்டிக் பாக்கெட் தண்ணீர் வந்தது. அறைக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது. இரும்பு வலை போட்டு மூடியிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு செருப்பும் கொஞ்சம் சருகும்.

"ஏன் தம்பி, மரம்தான் கெணத்தக் குடிச்சிடுச்சா?"

அலுவலர் கண்ணாடியைத் துடைத்தார். மழுப்பப் போகிறார் என்று நினைத்தேன். மழுப்பவில்லை.

"சார், எல்லா மரமும் தண்ணி குடிக்கும். இது சீக்கிரம் வளருது, அதனால சீக்கிரம் குடிக்குது. இந்தக் கிணறு வத்துனதுக்கு இது மட்டும்தான் காரணமான்னு என்னால சொல்ல முடியாது. சுத்தி எல்லாரும் போர் போட்டிருக்காங்க. இது இல்லைன்னும் என்னால சொல்ல முடியாது."

"கேட்டீங்களா மாமா?"

"கேட்டேன். காரணம்னு சொல்ல முடியாதுங்கிறாரு" என்றார் மாமா. மனிதனுக்குக் காது இரண்டு. வேண்டியது ஒன்றில் நுழையும், வேண்டாதது இன்னொன்றில் வெளியேறும்.

அந்த வரிசையைத் தாண்டியதும்தான் நான் அன்று பார்த்த அதிசயம். மரங்களின் நெஞ்சு உயரத்தில் பட்டை பட்டையாகப் பெயிண்ட். காவி, வெள்ளை, காவி, வெள்ளை. கோயில் மதில் தவிர வேறெங்கும் அப்படி நான் பார்த்ததில்லை. ஒரு மரத்தில் மஞ்சள் துணியில் தொட்டில் தொங்கியது. இன்னொன்றில் வளையல். ஒன்றின் அடியில் சூலம் நட்டு, எலுமிச்சை குத்தியிருந்தது. நாங்கள் போன நேரம் ஓர் அம்மாள் தூக்கில் கூழ் கொண்டுவந்து, மரத்துக்கு முன்னால் இறக்கி வைத்து, வேப்பிலையால் மூடிக்கொண்டிருந்தார்.

"இது என்னா தம்பி?"

அலுவலர் சிரித்தார். "சுற்றளவு அளக்குறதுக்கு அடையாளம் சார். வருஷா வருஷம் அதே உயரத்துல அளக்கணும்ல? பட்டை அடிக்கச் சொன்னோம். அடிச்ச ஆளு பக்கத்து ஊர்க் கோயில் மதிலுக்கு வேலை பார்த்தவரு. மிச்சமிருந்த பெயிண்டக் கொண்டாந்து அடிச்சிட்டாரு. மறு வாரமே தேங்கா உடைச்சிட்டாங்க."

"நீங்க சொல்லலியா?"

"சொன்னோம். 'நீங்க அளந்துக்குங்க, நாங்க கும்பிட்டுக்குறோம்'னாங்க. அப்புறம் பார்த்தா, பட்டை இல்லாத வரிசையில ராத்திரி வெட்டிட்டுப் போறாங்க. பட்டை இருக்குற மரத்து மேல ஒரு கீறல் இல்ல. இப்ப நாங்களே கேட்டுக் காவி வாங்கி அடிக்கிறோம்."

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர்கள் சாமியையே அளந்து போட்டிருக்கிறார்கள். படித்தவர்களின் ஆராய்ச்சிக்குக் காவல் நிற்பது யார் என்றால், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஆடிக் கூழ் குடிக்கிற அம்மன். அவள் எந்த வரிசை, எந்தச் சாதி என்று தகரப் பலகையில் எழுதியிருக்கிறது.

நான் கூழ்க்கார அம்மாளிடம் போய், "எந்தச் சாமிங்கம்மா இது?" என்றேன்.

"சாமின்னா சாமிதாம்பா. பட்டை போட்டிருக்குதில்ல? பேரு கேட்டுத்தான் கும்புடுவியா நீ? செருப்பக் கழட்டிட்டு வா, கூழு குடிச்சிட்டுப் போ."

குடித்தேன். நல்ல கூழ். பயணத்தில் நான் குறை சொல்ல முடியாத ஒரே சாப்பாடு அதுதான். மாமா தள்ளி நின்று வாயைப் பொத்திச் சிரித்தார். "என்னா ஜனம் மச்சான், அளக்கிற கோட்டப் போயி கும்புடுது. இதுங்களா உருப்படும்?"

திரும்பும் வழியில் டிவிஎஸ் பஞ்சர். தள்ளிக்கொண்டு போய் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். பஞ்சர் போடுகிறவர் சாப்பிடப் போயிருந்தார். டீ வெந்நீராக இருந்தது. ஆனால் பஞ்சர்காரர் வராதது எனக்கு வசதியாகப் போயிற்று. பேச நேரம் கிடைத்தது. அக்கா சொல்லி அனுப்பியதைப் பேசினேன்.

"மாமா, காக்கா இல்லாத எடம் அது. கெணத்துல செருப்பு கெடக்குது. அந்தத் தம்பியே உறுதியா சொல்லல. அக்கா தண்ணி சுமந்து ஊத்தி உயிர் குடுத்த கட்டைங்க மாமா. நாளைக்கு ஜேசிபி வாணாம்னு சொல்லிடுங்க."

மாமா டீயைக் கீழே ஊற்றினார். கோபம் இல்லை, சோர்வுதான் முகத்தில் தெரிந்தது.

"மச்சான், நீ சாப்பாட்டத் திட்டுன, வண்டியத் திட்டுன, பலகையத் திட்டுன, இப்ப மரத்தத் திட்டுற. எல்லாத்தையும் ஒரே மாதிரி திட்டுறவன் பேச்ச எந்தக் கணக்குல எடுத்துக்கிறது? அந்தப் புயல் ராத்திரி நான் கதவுல முதுக வெச்சி ஒக்காந்திருந்தேன். ஒண்ணொண்ணா சாயற சத்தம் கேட்டுது. இன்னொரு வாட்டி முந்திரி வெச்சி, இன்னொரு வாட்டி அந்தச் சத்தம் கேக்க என்னால ஆவாது. நாளைக்கு ஜேசிபி வருது. அவ்ளோதான்."

மில்லில் எத்தனையோ பேர் பேச்சை மடக்கியிருக்கிறேன். அன்று மாமா என்னை மடக்கினார்.

வீடு சேர்ந்ததும் அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "என்னாடா?" என்றாள். தலையை ஆட்டினேன். அவள் சோறு போட்டாள். மாமா சாப்பிட்டுவிட்டு ஜேசிபி டிரைவருக்கு வழி சொல்லத் தெருமுனைக்குப் போனார். அக்காவின் வாடிய முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சிரிக்க வைக்கலாமே என்று தோட்டத்தின் கதையை ஆரம்பித்தேன். நாக்கு சுளுக்கும் பெயர், தைலம் இல்லாத தைலமரம், காவிப் பட்டை, கூழ் குடிக்கும் ஆஸ்திரேலியா அம்மன் என்று எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன்.

அக்கா சிரிக்கவில்லை. குழம்புச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். "மேல காவியா, வெள்ளையா?"

"எதுக்கு மேலக்கா?"

"பட்டைடா."

"காவிதான். காவி, வெள்ளை, காவி, வெள்ளை."

"ம்" என்றாள்.

மூன்றாம் நாள் விடிந்து ஜேசிபி சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். வாசலில் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஓட்டி வந்தவர் பெண்ணாடத்துப் பக்கத்துக்காரர், கரும்புக் காட்டில் வேலை பார்த்தவர், வாட்டசாட்டமான ஆள். மாமா முன்னால் நடந்து வழி காட்ட, வண்டி கொல்லைக்குத் திரும்பியது. திரும்பியதும் நின்றது. இன்ஜினும் நின்றது.

நான் பின்னால் ஓடினேன்.

துளிர்த்திருந்த ஒவ்வொரு கட்டைக்கும் பட்டை போட்டிருந்தது. காவி, வெள்ளை, காவி, வெள்ளை. கோலத்துக்கு வைத்திருந்த காவியும், புயலுக்குப் பிறகு சுவருக்கு அடித்த சுண்ணாம்பின் மிச்சமும். இன்னும் ஈரம் காயவில்லை. அக்கா எல்லாவற்றுக்கும் பெரிய கட்டையின் முன்னால் உட்கார்ந்து மஞ்சளைக் குழைத்து அப்பிக்கொண்டிருந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

டிரைவர் கீழே குதித்தார். குதித்த வேகத்தில் செருப்பை உதறினார்.

"என்னாண்ணே இது? சாமி எடம்னு சொல்லவே இல்ல?"

மாமாவின் வாய் திறந்து மூடியது.

"ஒரு கட்டைக்குத்தான் சாமின்னா பாத்து ஒதுக்கலாம். கொல்ல முழுக்கவா? நான் புள்ளகுட்டிக்காரன்ணே. ஆடி மாசம் வேற. எனக்கு வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

இதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலியோரம் சேர்ந்துவிட்டார்கள். அஞ்சலை என்கிற ஒருத்தி இடுப்பில் குடத்தோடு உள்ளேயே வந்துவிட்டாள்.

"தனமக்கா, சொல்லவே இல்லியே! கனவுல வந்துச்சா?"

"ம்" என்றாள் அக்கா. நேற்று சொன்ன அதே "ம்".

"அதான பாத்தேன். அந்தப் புயலுக்குச் செத்த கட்டை சும்மாவா துளுக்கும்?" அஞ்சலை குடத்துத் தண்ணீரைப் பெரிய கட்டையின் அடியில் ஊற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் குடம் எடுக்க ஓடினார்கள். செம்மண் ஊரில், எத்தனை அடியில் தண்ணீர் என்று கவலைப்படுகிற ஊரில், முந்திரிக் கட்டைக்கு மற்றவர்கள் தண்ணீர் தூக்கி வருவதை நான் அன்று பார்த்தேன்.

மாமா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் தெரியும். இது அளக்கிற கோடுகூட இல்லை, என் பொண்டாட்டி விடியக்காலையில் அடித்த சுண்ணாம்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் அஞ்சலை திரும்பிவிட்டாள்.

"ஏண்ணே, சாமி எதிர்க்க செருப்போட நிக்கிற?"

வேலியோரம் அத்தனை கண்ணும் மாமாவின் காலைப் பார்த்தன. டிரைவரும் பார்த்தார். அக்கா மட்டும் பார்க்கவில்லை. அவள் கை மஞ்சளில் அப்படியே நின்றிருந்தது.

மாமா ஒரு செருப்பைக் கழற்றினார். இன்னொன்றையும் கழற்றினார். அக்காவுக்குப் பக்கத்தில் வந்து, கைகூப்பிக்கொண்டே, உதடு அசையாமல் கேட்டார்.

"எத்தினி வருசம்டி ஆவும் காய்க்க?"

"சாமிகிட்ட வந்து நின்னுகிட்டுக் கேக்குற கேள்வியா இது?" என்றாள் அக்கா. "கண்ண மூடிக் கும்புடுங்க."